காசநோய்க்கு வைத்த காமாலைப் பத்தியம்

காசநோயாளியை எடை மேடையில் நிறுத்துவது மாத்திரைக்காக. இத்தனை கிலோவுக்கு இத்தனை மாத்திரை என்று ஓர் அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கும். எடை எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்தக் கட்டத்து மாத்திரையைக் கொடுப்போம். என் பணிக்காலத்தின் பெரும்பகுதியில் எடை மேடைக்கு வேறு வேலை கிடையாது. ஆள் இளைத்திருப்பது நோயின் அடையாளம், மாத்திரை ஒழுங்காகப் போனால் உடம்பு தானாகத் தேறிவிடும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அதையே நாங்களும் வீடு வீடாகச் சொன்னோம்.

சென்ற மாதம் முழங்கால் வலிக்காக எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் மெலிந்த ஒரு பெண் நின்றிருந்தார். அவருக்கு எடை பார்த்த பணியாளர் உயரத்தையும் அளந்தார். பிறகு குனிந்து, அந்தப் பெண்ணின் கணுக்காலை விரலால் அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். யாரையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொன்னார். அதன் பிறகு தொலைபேசியை எடுத்து, "மேடம், மாத்திரைய ஆரம்பிக்கிறப்பவே இவங்கள அட்மிட் பண்ணிச் சாப்பாடு குடுத்துத் தேத்தணும்னு நினைக்கிறேன்" என்றார். என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டும் எனக்குக் காதில் விழவில்லை. என் பழைய நோயாளி ஒச்சப்பனை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் காசநோய்ப் பிரிவில் சுகாதாரப் பார்வையாளராக வேலை பார்த்தவள். முழங்கால் ஒத்துழைக்காததால் விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டேன். வீடு மதுரையில், வேலை உசிலம்பட்டிப் பக்கம். காலையில் பேருந்து, அங்கே இறங்கியதும் மொபெட். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சளி மாதிரி எடுப்பது, மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்க வைப்பது, பாதியில் நிறுத்தியவரைத் தேடிப் பிடிப்பது, கூட இருப்பவர்களுக்கு இருமல் உண்டா என்று கேட்பது. இந்த நான்கையும் நான் நன்றாகவே செய்தேன். என் பகுதியில் மருந்தைப் பாதியில் விட்டவர்கள் மிகவும் குறைவு. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

வேலையை உண்மையில் கற்றது எங்கள் உசிலம்பட்டி மையத்து டாக்டர் வசந்தாவிடம். ஒவ்வொரு காலையிலும் எடை மேடையில் ஐந்து கிலோ படிக்கல்லை வைத்து முள் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பார். செருப்பைக் கழற்றச் சொல்வார். ஆண்கள் என்றால் இடுப்பு பெல்ட், பையிலிருக்கும் செல்போன், சாவிக்கொத்து எல்லாம் மேசைக்கு வந்துவிட வேண்டும். எடையை எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்வார். நோயாளி உட்காராமல் அவர் உட்கார மாட்டார். எல்லாவற்றையும்விட முக்கியமானது, நோயின் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நோயாளியிடம் காட்டுவார். படிக்கத் தெரியாதவர் என்றால் நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டுக் காதோரம் சொல்வார். அந்தச் சீட்டைத் தன் கையாலேயே கிழித்துப் போடுவார்.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பணியாளர், "காசநோய் மாத்திரை வாங்க வரலையே" என்று தெருவில் நின்று ஒரு பெண்ணின் மாமியாரிடம் கேட்டுவிட்டார். அன்றே அந்தப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. டாக்டர் இதை என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். ஆனால் அந்தச் சீட்டைக் கிழிக்கும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வரும்.

ஒச்சப்பன் எங்களிடம் வந்தது, தினசரி மாத்திரை முறை வந்த புதிதில். சத்துணவுக்கென்று நோயாளிகளுக்கு உதவித்தொகை எதுவும் அப்போது வந்திருக்கவில்லை. நாற்பது வயதுக்காரர். சிம்மக்கல் பக்கம் ஓர் அசைவ மெஸ்ஸில் சரக்கு மாஸ்டர். கறி, குழம்பு, குடல், ஈரல் என்று அடுப்பில் ஏறுகிற எல்லாமே அவர் கைப்பக்குவம்தான். மெஸ்ஸிலேயே தங்கிக்கொண்டு வார விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வருவார். மதுரையில் பார்த்தால் யாராவது தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று இருமலோடு உசிலம்பட்டிக்கு வந்து சளியைக் கொடுத்தார். கிருமி இருந்தது.

டாக்டர் சீட்டில் எழுதிக் காட்டினார். ஒச்சப்பன் அதைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்:

"டாக்டரம்மா, நான் ஆக்குனதத் தின்னவங்களுக்கெல்லாம் வந்துருமா?"

"சாப்பாட்டால வராது. மூச்சுக்காத்தாலதான் வரும். ஆனா அடுப்படி சின்ன இடம், நாலு பேர் கூட நிக்கிறாங்க. சளியில கிருமி போற வரைக்கும் நீங்க அங்க நிக்கக் கூடாது. ரெண்டு மாசம் ஊர்ல இருங்க. சளி சுத்தமாயிட்டா தாராளமாப் போகலாம்."

"ரெண்டு மாசமா? என் எடத்துல வேற ஆள நிறுத்திட்டா?" என்றார். அவருக்கு நோயைவிட அதுதான் பெரிதாக இருந்தது. பாத்திரம் கழுவுகிற வேலையில் சேர்ந்து, இருபது ஆண்டுகளில் அந்த அடுப்பைப் பிடித்தவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "மஞ்சக்காமாலைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்கம்மா. போன வருசம் சப்ளையர் ஒருத்தனுக்கு வந்துச்சு. மொதலாளி ரெண்டு மாசம் அனுப்பி வச்சு, திரும்பவும் சேத்துக்கிட்டாரு" என்றார்.

டாக்டர் பொய்யாக எழுத மறுத்தார். 'சிகிச்சையில் இருக்கிறார், ஓய்வு தேவை' என்று மட்டும் எழுதினார். அதில் நோயின் பெயர் இல்லை. பெயரை ஒச்சப்பன் தன் வாயால் சொல்லிக்கொண்டார். முதலாளியிடமும் சொன்னார், மனைவி தனத்திடமும் சொன்னார். மஞ்சள் காமாலை யாருக்கும் வரும், யாரும் முகம் சுளிக்காத நோய். முதலாளி, "தேறி வாடா, ஒன் கரண்டிய வேற எவனும் தொடமாட்டான்" என்று பேருந்து ஏற்றிவிட்டார்.

அந்தப் பொய்யில் என்ன இருக்கிறது என்று அன்று எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை.

முதல் மாத முடிவில் எடை பார்த்தோம். நாற்பத்தைந்தாக இருந்தவர் நாற்பத்து மூன்றுக்கு வந்திருந்தார். மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை. காலியான அட்டைகளை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இருமல் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது, காய்ச்சல் இல்லை. "சாப்பாடு?" என்று டாக்டர் கேட்டார். "நல்லாச் சாப்புடுறேன்மா" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போய்ப் பார் என்று அதற்கு அர்த்தம்.

நோயாளி வீட்டில் மறைத்திருக்கும்போது அங்கே போவதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. தெருக் கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாக நின்று, யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே வர வேண்டும். நமக்கு வேண்டிய வீடும் அதில் ஒன்றாகப் போய்விடும். அன்றும் அப்படித்தான் போனேன். தனத்துக்கு இருமல் இல்லை. முகம் நிறைய வரவேற்பு இருந்தது.

"ஆஸ்பத்திரி சிஸ்டர்தானே? அவுக சொன்னாக. வெயில்ல வந்துருக்கீக, மோர் குடிங்க. நம்ம வீட்ல இப்ப மோருக்குப் பஞ்சமே இல்ல."

இன்று அவருக்கு என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை அடுப்படிக்கே அழைத்துப் போனார். தன் வேலையைக் காட்டுகிற உற்சாகம் நடையிலேயே தெரிந்தது. மூலையில் ஒரு புது மண்சட்டி.

"தனிச் சட்டி வாங்கிட்டேன் சிஸ்டர். பழசுல எண்ணெப் பசை ஊறியிருக்கும்ல? சோறக் கொழைய வடிச்சு, மோர ஊத்தி, உப்பில்லாமக் கரைச்சுக் குடுக்குறேன். காலையில கீழாநெல்லி. சாயங்காலம் ஒரு எளநி. அம்புட்டுதேன். நானும் தாளிக்கிறதே இல்ல. வாசம் வந்தா அவுக மனசு அலையும்ல?"

"முட்டை, பருப்பு ஏதாவது..."

"ஆத்தாடி! முட்டையா? கோழியவே வச்சுக்கல, அம்புட்டையும் வித்துட்டேன். கண்ணுல பட்டாத்தானே வேணும்னு தோணும்?"

மஞ்சள் காமாலைக்குக்கூட உப்பையும் முட்டையையும் நிறுத்த வேண்டியதில்லை என்று எங்கள் டாக்டர் சொல்கிறார் என்றேன். அது உண்மைதான். ஆனால் தனம் சிரித்தார்.

"கோவிச்சுக்கிறாதீக சிஸ்டர். காமாலைக்கு இங்கிலீஷ் வைத்தியத்துல மருந்தே கெடையாதுன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். உங்க மாத்திரைய நான் நிறுத்தல, அது ஒரு பக்கம் போகட்டும். ஆனா காமாலைய எறக்குறது பத்தியந்தேன். இன்னும் எறங்கல சிஸ்டர். ஒண்ணுக்கு செவப்பாத்தேன் போறாக. நானே பாத்தேன்."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். காசநோய் மாத்திரையில் ஒன்று சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். எல்லா நோயாளிக்கும் முதல் நாளே அதைச் சொல்லிவிடுவோம், பயப்பட வேண்டாம் என்று. ஒச்சப்பனிடமும் சொல்லியிருந்தேன். அவர் பயப்படவில்லை. ஆனால் தனத்துக்கு அந்த நிறம், கணவரின் உடம்பில் காமாலை இருப்பதற்கான அத்தாட்சி. மாத்திரை உள்ளே போகிற வரைக்கும் நிறம் மாறாது. நிறம் மாறாத வரைக்கும் பத்தியம் முடியாது.

வேறு எந்த நோயைச் சொல்லியிருந்தாலும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என் வார்த்தைக்கு அந்த அடுப்படியில் ஏதோ மதிப்பு இருந்திருக்கும். காமாலைக்கு இல்லை.

ஒச்சப்பன் தோட்டத்துப் பக்கம் புளியமரத்தடியில் கட்டிலில் கிடந்தார். இரவும் அங்கேதான் படுக்கை. வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தார். தனத்துக்குத் தொற்றிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது.

"என்ன தம்பி இது? இதையா நல்லாச் சாப்பிடுறேன்னு சொன்னீங்க?"

"ஊருக்கே கொடல் கொழம்பு ஆக்கிப் போட்டவன்க்கா நானு. இப்ப மோருல மொகத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்" என்று சிரித்தார். "குடிக்கும்போது கண்ண மூடிக்கிறது. இது எலும்புச்சாறுன்னு நெனச்சா எறங்கிரும்."

"தனத்துக்கிட்டச் சொல்லிருங்க. நான் கூட இருக்கேன்."

சிரிப்பு நின்றது. "எங்கப்பனுக்கும் இதுதேன் வந்துச்சு. ஊருக்கு வெளிய கொட்டகையப் போட்டு அங்க விட்டாக. எங்கம்மா கஞ்சியத் தூரத்துல வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வரும். நான் பின்னாலயே போயிப் பாத்துருக்கேன்."

"தனம் அப்படிச் செய்ய மாட்டாங்க தம்பி."

"எங்கம்மா மட்டும் கெட்டவளாக்கா? ஊரு சொன்னா செஞ்சுதானே ஆகணும்?"

ரெண்டு மாசந்தானே, சளி சுத்தமானதும் மெஸ்ஸுக்குப் போய்விடுவேன், அங்கே போனால் ஒரே வாரத்தில் தேறிவிடுவேன் என்று அவரே என்னைச் சமாதானம் செய்தார்.

மறுநாள் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். தனத்திடம் நானே சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவர் சொல்லச் சொன்னாரா சிஸ்டர்?"

"இல்லம்மா. வேணாம்னு சொல்றாரு."

"அப்ப நம்ம வாயால வரக் கூடாது. அவர் பட்டினி கிடக்கிறது எனக்கும் தெரியுது. ஆனா நாளைக்கு அந்த வீட்ல என்ன நடக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

பிறகு, மாத்திரை வாங்க வாரத்துக்கு ஒருமுறை வரும்போது அங்கேயே ஏதாவது சாப்பிட வையுங்கள் என்றார். நான் வீட்டிலிருந்து வேகவைத்த முட்டையும் கடலை உருண்டையும் கொண்டுபோக ஆரம்பித்தேன். இரண்டாவது வாரம் அவர் ஆசையாக எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார். உப்பில்லாத மோரில் பழகிய வயிறு. வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டார். தனம் பதறிக்கொண்டு அவரைக் கூட்டி வந்தார்.

"வெளியில எதையோ தின்னுருக்காக சிஸ்டர். நான் கேட்டா சொல்ல மாட்டேங்கிறாக. பத்தியம் முறிஞ்சு போச்சு."

வாந்தியை நாங்களும் அலட்சியப்படுத்த முடியாது. இந்த மாத்திரைகளே சிலருக்கு ஈரலைத் தாக்கி, உண்மையான காமாலையைக் கொண்டுவந்துவிடும். டாக்டர் ஒச்சப்பனின் கண்ணை இழுத்துப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. இரத்தப் பரிசோதனையும் செய்தார். ஈரல் நன்றாக இருந்தது. ஆனால் எங்கள் டாக்டர் ஈரலைச் சோதித்ததைத் தனம் பார்த்துக்கொண்டிருந்தார். காமாலைதான் என்பதில் அவருக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. அதன் பிறகு மாத்திரை வாங்க அவரும் கூடவே வந்தார், வெளியில் எதையும் தின்னாமல் பார்த்துக்கொள்ள. என் பையிலிருந்த முட்டையை எடுக்க எனக்கு வழியில்லாமல் போயிற்று.

இரண்டு மாத முடிவில் சளி சுத்தம். டாக்டர் அந்தச் சொல்லை மட்டும் கொஞ்சம் உரக்கவே சொன்னார். ஒச்சப்பன் அன்று மாலையே மதுரைக்குப் பேருந்து ஏறினார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. இனி ஆட்டுக்கறிக்கும் ஈரலுக்கும் நடுவில்தானே இருக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அவர் விடுமுறைக்கு வரவில்லை. மாத்திரை தீர்ந்துவிடும் என்று, வேலை முடிந்து மதுரை திரும்பியதும் நானே மெஸ்ஸுக்குப் போனேன். மதிய வியாபாரம் முடிந்து ஆட்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம். ஒச்சப்பன் என்னை உசிலம்பட்டி அக்கா என்று அறிமுகப்படுத்தினார். முதலாளி நல்ல மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"நீங்க நர்ஸுன்னு சொல்றான். நீங்களே இவனுக்குச் சொல்லுங்க சிஸ்டர். காமாலை வந்த ஒடம்பு. ஒரு வருசத்துக்குக் கறி, எண்ணெ ஆகாதுல்ல? உப்புப் பாக்குறேன்னு கொழம்பக் கைல ஊத்தி நக்கப் போறான். நாந்தேன் கையத் தட்டிவிட்டேன். இப்ப உப்புப் பாக்க வேற ஆளப் போட்டாச்சு."

எல்லோர் இலையிலும் கறி இருந்தது. ஒச்சப்பன் இலையில் தயிர்சாதம். அவருக்கென்று தனியாகப் பிசைந்தது.

"மாஸ்டருக்கு மூக்குலயே உப்புத் தெரியும் மொதலாளி. வாயி எதுக்கு?" என்றார் கறி வெட்டுகிறவர்.

"ஏன் மாப்ள, நீ உப்புப் பாத்த நாள்லதேன் ரெண்டு கஸ்டமர் எலைய மூடிட்டுப் போனாங்க" என்று ஒச்சப்பன் திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குத்தான் முடியவில்லை. சமைத்தவரைத் தவிர எல்லோரும் சாப்பிடுகிற இடமாக அது இருந்தது. அதுவும் யாரும் கெடுதல் நினைக்காமல்.

கறி தாராளமாகச் சாப்பிடலாம், டாக்டர் சொல்லிவிட்டார் என்று முதலாளியிடம் சொன்னேன். "டாக்டருக்கென்னங்க, சொல்லிட்டுப் போயிருவாங்க. நாளைக்கு இவனுக்கு ஒண்ணுன்னா இவன் பொண்டாட்டிக்கு நான்ல பதில் சொல்லணும்? அந்தப் பிள்ள போன் போட்டுப் போன் போட்டுச் சொல்லுது" என்றார். தனத்தின் பத்தியம் எங்களுக்கு முன்னாலேயே பேருந்து ஏறி வந்துவிட்டிருந்தது.

நான் கிளம்பும்போது மாலைச் சமையலுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவை இறக்க வேண்டியிருந்தது. ஒச்சப்பன் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு வளையத்தைப் பிடித்தார், மறுபக்கம் இன்னொருவர். பாதி உயரம் வந்ததும் அவர் பிடி தளர்ந்தது. அண்டா அவர் பக்கம் சாய்ந்தது. முதலாளி ஓடிவந்து வளையத்தைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் சிதறி அடுப்பின் ஒரு பக்கம் அணைந்தது. யாருக்கும் காயமில்லை. யாரும் திட்டவுமில்லை. முதலாளி ஒரு ஸ்டூலை எடுத்துப்போட்டு, "இனிமே ஒக்காந்துக்கிட்டுச் சொல்லு ஒச்சப்பா, பயலுக செய்வானுக" என்றார். ஒச்சப்பன் அந்த ஸ்டூலைப் பார்த்தார். உட்காரவில்லை.

ஆறு மாதச் சிகிச்சையும் முடிந்தது. கடைசிச் சளியும் சுத்தம். விதிப்படி அவர் குணமடைந்தவர். எடை நாற்பத்திரண்டு. சிகிச்சை தொடங்கிய அன்று இருந்ததைவிடக் குறைவு. டாக்டர் வசந்தா அவருடைய சிகிச்சை அட்டையை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். ஒச்சப்பன் வெளியே போன பிறகு, "இவர் திரும்ப வருவார் சிஸ்டர்" என்றார். அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.

அந்த வாக்கியத்தோடு நான் பல நாள் இருந்தேன். விதியை மீறித் தனத்திடம் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டாக்டர் பயந்தது நடந்திருக்கலாம். ஒச்சப்பன் பயந்ததும் நடந்திருக்கலாம். ஆனால் ஒன்றை நாங்கள் முதல் நாளே கேட்டிருக்கலாம். வீட்டில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்ற கேள்வி. மாத்திரையைப் பற்றி அத்தனை கேட்ட நாங்கள் அதைக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு கேட்க ஆரம்பித்தேன். மறைக்க நினைக்கிறவர்களிடம், "காமாலைன்னு மட்டும் சொல்லாதீங்க. ரத்தம் கம்மியா இருக்குன்னு சொல்லுங்க" என்பேன். அது பொய்யுமில்லை. காசநோயாளிகளில் பெரும்பாலோருக்கு இரத்தம் குறைவாகத்தான் இருக்கும். இரத்தம் கம்மி என்று சொன்னால் எங்கள் பக்கத்து வீடுகளில் அடுத்த நாளே ஆட்டு ஈரல் வரும், சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல் வரும், பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் முட்டையும் வரும். கொடுக்க முடியாதவர்கள்கூடக் கடன் சொல்லி வாங்கிக் கொடுப்பார்கள். பலர் அப்படித் தேறினார்கள். டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். ஆனால் ஒச்சப்பனைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அவர் அடுத்த மழைக்காலத்தில் வந்தார். இந்த முறை நடந்து வரவில்லை. முதலாளி கார் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு பக்க நுரையீரலிலும் நோய் பரவியிருந்தது. ஊருக்கு வெளியே உள்ள நெஞ்சக நோய் மருத்துவமனையில் சேர்த்தோம். அந்த வார்டுக்குப் போன பிறகு எந்தப் பெயரையும் மறைக்க முடியாது. வாசலிலேயே எழுதியிருக்கும். ஒச்சப்பன் தனத்திடம் தானே சொல்லிவிட்டார், மூச்சு வாங்க வாங்க.

நான் பார்க்கப் போனபோது தனம் வராந்தாவில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அருகில் வந்தார். சத்தம் போடவில்லை.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"என் அடுப்படியில நின்னு அந்தச் சட்டியப் பாத்தீகள்ல?"

"பாத்தேன்."

"ஒத்த வார்த்த சொல்லியிருந்தா நான் கோழிய வித்துருப்பேனா சிஸ்டர்? ரோட்டுல பிச்சையெடுத்தாவது ஆட்டுக்கால் வாங்கி வச்சுக் குடுத்துருக்க மாட்டேனா?"

சொல்லக் கூடாது என்ற விதியும் அந்த விதிக்கான காரணமும் என் நாக்கில் இருந்தன. அதைச் சொல்வதற்கான முகம் இல்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்து செய்ய வேண்டிய வேலையைக் கேட்கிற குரலில் கேட்டார்.

"இப்ப என்ன குடுக்கலாம்?"

"எல்லாம் குடுக்கலாம்."

மறுநாள் முதல் அவர் ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாறி, ஒரு பெரிய தூக்குவாளியில் கொண்டுவந்தார். எலும்புச்சாறு, ஈரல், முட்டை, பருப்புச்சோறு. அடுப்பில் நிற்கிற, அண்டா தூக்குகிற ஓர் ஆண் சாப்பிடும் அளவு. ஒச்சப்பன் ஒரு கரண்டிச் சாறு குடிப்பார், சில நாள் இரண்டு. அதற்குமேல் இறங்காது. "நல்லா வச்சுருக்கடி" என்பார். தனம் மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல், பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குக் கொடுத்துவிடுவார். அவர் லாரி கிளீனராக இருந்தவர், பார்க்க வர யாரும் இல்லாதவர். முதலில் கூச்சப்பட்டார். பிறகு பேருந்து நேரத்துக்கு வாசலைப் பார்க்கத் தொடங்கினார்.

மாத எடை பார்க்கிற நாளில் நானும் அங்கே இருந்தேன். ஒச்சப்பனை மேடையில் நிறுத்த முடியவில்லை. கிளீனர் மூன்று கிலோ கூடியிருந்தார். அந்த வார்டில் அந்த மாதம் அப்படிக் கூடியவர் அவர் ஒருவர்தான் என்று நர்ஸ் சொன்னார். தனமும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் ஒச்சப்பன் இறந்தார்.

காரியம் முடிந்த சில நாட்களில் தனம் எனக்குப் போன் செய்தார். இறப்புச் சான்றிதழைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் சொன்னார்:

"அந்தக் கிளீனர் அண்ணன் இன்னும் அங்கனதேன் இருக்காரா சிஸ்டர்? நாளைக்குச் சனிக்கெழம, அவருக்குக் கவுச்சி ஆகாதுல்ல? ஞாயித்துக்கெழம கறி எடுத்துட்டு வாரேன்னு சொல்லி வைங்க."